நான்காவது குண்டு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மேலே ஏலத்தோட்டத்தில் காட்டுப்பன்றியை விரட்ட யாரோ ஒரு வெடி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். எதிர்ச்சரிவு 340 மீட்டர் தள்ளி இருந்தால், வெடி போட்டவர் காதுக்கு அதன் எதிரொலி 2 நொடி கழித்து வந்து சேரும். அதற்கும் பின்னால் இருக்கும் முகட்டில் பட்டு இன்னொன்று வரலாம். நான்கு வளைவு கீழே ஜீப்புக்குக் காத்திருப்பவருக்கோ நேர்ச் சத்தத்தைப் பாறை மறைத்துவிடும். எதிரொலி மட்டுமே கேட்கும். சத்தம் எதிர்மலையிலிருந்துதான் வந்தது என்று அவர் அடித்துச் சொல்வார். வெடி ஒன்றுதான். ஒருவர் கணக்கில் அது ஒன்று, இன்னொருவர் கணக்கில் மூன்று. யாரும் பொய் சொல்லவில்லை.

பன்றி விரட்டும் விஷயத்தில் இது டீக்கடைப் பேச்சோடு முடிந்துவிடும். கொலை வழக்கில் முடியாது. 20ஆம் நூற்றாண்டில் உலகத்தை உலுக்கிய இரண்டு அரசியல் கொலைகளில், எத்தனை முறை சுடப்பட்டது என்ற கேள்வியே பல பத்தாண்டுகள் இழுத்தது. ஒன்று 1948இல் டெல்லியில் நடந்த காந்தி கொலை. இன்னொன்று 1963இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த கென்னடி கொலை. இரண்டிலும் முதல் விசாரணை சொன்ன விடை மூன்று. இரண்டிலும் பிற்பாடு ஒரு 'நான்காவது குண்டு' கிளம்பியது. கணக்கில் ஒன்று கூடினால் கதையே மாறிவிடும்: நான்காவது குண்டு உண்டென்றால் இரண்டாவது துப்பாக்கி உண்டு, அதைப் பிடித்திருந்த இரண்டாவது கை உண்டு, பிடிபடாமல் போன ஒருவர் உண்டு.

குண்டுகளை அறிவியல் எப்படி எண்ணுகிறது? அந்த எண்ணிக்கை எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே வழுக்குகிறது? இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. கருவி எவ்வளவு நுட்பமானது என்பது இரண்டாம்பட்சம். அளவோடு அதன் பிழை எவ்வளவு என்று சொல்லப்பட்டதா, அளக்கும் பொருளை முதல் நாளே பத்திரப்படுத்தினார்களா என்பதே முதல்.

டெல்லி: ஏழில் மூன்று

1948 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. டெல்லி பிர்லா மாளிகையின் புல்வெளியில் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நடந்து சென்ற காந்தியை மாலை 5.17 மணிக்கு நாதுராம் கோட்சே மிக அருகிலிருந்து சுட்டார். துப்பாக்கி இத்தாலியில் செய்த பெரெட்டா 1934 வகை பிஸ்டல்; வரிசை எண் 606824. துக்ளக் சாலை காவல் நிலையத்தில் அன்றே பதிவான முதல் தகவல் அறிக்கை மூன்று முறை சுட்டதாகவே சொல்கிறது. சுட்டவரின் கணக்கு அப்படி இல்லை. இரண்டு முறை சுட்டதாகத்தான் தாம் நினைத்ததாகவும், மூன்று என்று பிறகே தெரிந்துகொண்டதாகவும் கோட்சே நீதிமன்றத்தில் கூறினார். விசையை அழுத்திய விரலுக்குச் சொந்தக்காரருக்கே எண்ணிக்கை நிற்கவில்லை என்றால், பத்தடி தள்ளி அதிர்ந்து நின்றவர்களின் நினைவை எவ்வளவு நம்பலாம்?

உடலில் பதிவான காயங்கள் சொன்னது இது. வயிற்றுப் பகுதியில் பாய்ந்த இரண்டு குண்டுகள் முதுகு வழியாக வெளியேறின. வலது மார்பில், முலைக்காம்புக்குச் சற்று மேலே பாய்ந்த மூன்றாவது, நுரையீரலிலேயே தங்கிவிட்டது. மறுநாள் காலை சிவில் சர்ஜன் லெப்டினன்ட் கர்னல் தனேஜா உடலைப் பார்வையிட்டுக் காயங்களைக் குறித்தார். உடலை அறுத்துப் பார்க்கும் முழுப் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. சுட்டவர் கையும் களவுமாகப் பிடிபட்டார், கொலையை மறுக்கவும் இல்லை. அதனால் அன்று அது பெரிய குறையாக யாருக்கும் படவில்லை.

துப்பாக்கியின் கணக்கும் இருந்தது. பெரெட்டா 1934இன் தோட்டாப் பெட்டியில் 7 தோட்டாக்கள் கொள்ளும். பிடிபட்டபோது 4 மிஞ்சியிருந்தன. ஏழில் நான்கு போக மூன்று. பார்க்கக் கச்சிதமான கழித்தல்தான். ஆனால் இதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. இந்த வகைத் துப்பாக்கியில் ஒரு தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிட்டு, காலியான அந்த ஓர் இடத்தில் பெட்டியிலும் ஒன்றைச் செருகலாம். அப்போது மொத்தம் 8. எட்டில் நான்கு போனால் நான்கு! அதனால் இந்தக் கழித்தல் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. காயங்களோடும் நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலத்தோடும் சேர்ந்து நிற்கும்போதுதான் அதற்கு வலு.

இந்த வழக்கில் நான்காவது குண்டு மறுபடி தலைதூக்கியது 2016இல். மும்பையைச் சேர்ந்த பங்கஜ் பட்னிஸ் என்பவர், அன்றைய சில நாளேடுகள் நான்கு குண்டுகள் என்று எழுதியதையும் புகைப்படங்களையும் காட்டி, மறுவிசாரணை கோரினார். ஏழு தோட்டாப் பெட்டியில் நான்கு மிஞ்சியதால் கோட்சேயிடமிருந்து மூன்றுதான் வந்திருக்க முடியும். எனவே நான்காவதைச் சுட்டவர் வேறொருவர் என்பது அவர் வாதம். பம்பாய் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் மூத்த வழக்கறிஞர் அமரேந்திர சரணை நியமித்து, பழைய ஆவணங்களைப் பார்க்கச் சொன்னது. உடலைத் துளைத்த குண்டுகள், அவை வந்த துப்பாக்கி, சுட்டவர் ஆகிய எல்லாம் ஏற்கெனவே முறையாக அடையாளம் காணப்பட்டவை என்பது அவர் அறிக்கை. 2018 மார்ச் 28இல் மனு தள்ளுபடியானது.

காது போடும் கணக்கு

நாளேடுகள் ஏன் நான்கு என்று எழுதின? வதந்தி, அவசரம், தொலைபேசியில் சரியாகக் கேட்காதது என எதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் துப்பாக்கிச் சத்தத்தை எண்ணுவதிலேயே இயற்பியல் சார்ந்த ஒரு சிக்கல் இருக்கிறது.

துப்பாக்கி சுடும்போது இரண்டு விதச் சத்தம் எழலாம். குழல் வாயிலிருந்து சூடான வாயு பீறிட்டு வெளியேறும் வெடிச் சத்தம் எப்போதும் உண்டு. குண்டு ஒலியை விட வேகமாகப் பறந்தால் அதன் மூக்கிலிருந்து ஓர் அதிர்ச்சி அலை கிளம்பும். அது சாட்டை சொடுக்கியதுபோல் தனியாகக் கேட்கும். பெரெட்டாவின் 9 மில்லிமீட்டர் குண்டு சுமார் 6 கிராம் எடை, நொடிக்கு 300 மீட்டருக்குக் கீழே வேகம். ஒலியை அது முந்தாது. ஆகவே டெல்லியில் ஒரு சூட்டுக்கு ஒரே சத்தம்தான்.

டாலஸில் நிலைமை வேறு. அங்கே பயன்பட்ட இத்தாலிய கார்க்கானோ ரைஃபிளின் குண்டு நொடிக்கு 650 மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஒலியின் இரு மடங்கு வேகத்தில் கிளம்பும். துப்பாக்கியிலிருந்து 80 மீட்டர் தள்ளி நிற்பவரைக் குண்டு எட்டில் ஒரு நொடியில் கடந்துவிடும். குழல் வாயின் வெடிச் சத்தம் அவரை அடையக் கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இரண்டுக்கும் நடுவே பத்தில் ஒரு நொடி இடைவெளி. ஏறக்குறைய இருபதில் ஒரு நொடிக்குள் வரும் சத்தங்களை நம் காது ஒன்றாகக் கலந்துவிடும். அதற்கு மேல் போனால் பிரித்துக் கேட்கத் தொடங்கும். ஆக, ஒரு சூடே இரண்டாகக் கேட்க வாய்ப்புண்டு. கொலை நடந்த சதுக்கத்தைச் சுற்றிலும் உயரமான கட்டடங்கள் வேறு, ஒவ்வொன்றிலிருந்தும் எதிரொலி. அங்கிருந்த பெரும்பாலோர் மூன்று சூடு என்றார்கள். சிலர் இரண்டு என்றார்கள். சிலர் நான்கும் அதற்கு மேலும் என்றார்கள். சத்தம் வந்த திசையிலும் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. போடி மலைச்சரிவில் ஜீப்புக்கு நிற்பவரின் சங்கடம்தான் இது.

95 சதவீதத்தின் கதை

எதிரொலி மனிதக் காதைக் குழப்பும். கணக்குப் போடத் தெரிந்தவருக்கு அதுவே தடயம். எந்தச் சுவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று தெரிந்தால், ஓர் இடத்திலிருந்து சுட்ட சத்தம் எந்தெந்த இடைவெளியில் திரும்பி வரும் என்று கணிக்கலாம். இடம் மாறினால் எதிரொலி வரிசையும் மாறும்.

1978இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று இந்த வழியில் இறங்கியது. கொலை நடந்த நேரத்தில் டாலஸ் போலீஸ் மோட்டார் சைக்கிள் ஒன்றின் மைக் அணைக்கப்படாமல் திறந்தே கிடந்தது. அதன் வழியாக வந்த ஒலி போலீஸ் ரேடியோப் பதிவில் இருந்தது. ஒலியியல் நிபுணர்கள் அதே சதுக்கத்தில் மைக்குகளை வரிசையாக வைத்து நிஜமாகவே சுட்டு, எதிரொலி வரிசைகளைப் பதிவு செய்து, பழைய பதிவின் துடிப்புகளோடு ஒப்பிட்டார்கள். கென்னடியின் காருக்கு முன்பக்கத்துப் புல்மேட்டிலிருந்து நான்காவதாக ஒரு சூடு வந்திருக்க 95 சதவீத வாய்ப்பு என்றார்கள். அந்த எண்ணை நம்பித்தான் குழு, கொலைக்குப் பின்னால் அநேகமாக ஒரு சதி இருந்தது என்று 1979இல் அறிக்கை கொடுத்தது.

அந்த எண்ணைக் கவிழ்த்தது ஒரு டிரம் கலைஞரின் காது. ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த அவர் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது, சூடு என்று சொல்லப்பட்ட துடிப்புகளின் மேலேயே மெல்லிய பேச்சுக்குரல் ஒன்று ஓடுவதைக் கவனித்தார். போலீஸின் இன்னொரு ரேடியோ அலைவரிசையில் ஷெரிஃப் பேசியது இந்தப் பதிவிலும் கசிந்திருந்தது. ஷெரிஃப் அதைப் பேசியது கொலை நடந்து ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து. அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் இயற்பியலாளர் நார்மன் ராம்சே தலைமையில் 12 பேர் கொண்ட குழுவை அமைத்தது. நோபல் பரிசு பெற்ற லூயிஸ் அல்வரெஸும் அதில் இருந்தார். 1982இல் அவர்கள் சொன்ன முடிவு: அந்தத் துடிப்புகள் கென்னடியைச் சுட்ட நேரத்தைச் சேர்ந்தவையே இல்லை. பிற்காலத்தில் இந்த முடிவை எதிர்த்தும் ஆதரித்தும் கட்டுரைகள் வந்தன. சர்ச்சை இன்னும் சிலரிடம் உயிரோடு இருக்கிறது. 95 சதவீதம் மட்டும் பழைய மதிப்புக்குத் திரும்பவில்லை.

எதிரொலிக் கணக்கு போட்டவர்கள் கழித்தல் கூட்டலில் தவறவில்லை. அந்த ஒலி, அந்த நிமிடத்துக்கு உரியது என்ற அனுமானத்தை அவர்கள் அளக்கவில்லை. 95 சதவீதம் என்ற எண்ணுக்குள் அந்த அனுமானத்தின் பிழை சேர்க்கப்படவே இல்லை.

ஈயத்திடம் கேட்டபோது

சத்தம் கரைந்துபோகும். உலோகம் கரையாது. கென்னடி வழக்கில் கிடைத்த உலோகத்தில் ஒன்று, மருத்துவமனை ஸ்ட்ரெச்சரில் கிடைத்த, பெரிதாகச் சிதையாத குண்டு. கென்னடியின் கழுத்தைத் துளைத்து, முன் இருக்கையில் இருந்த ஆளுநர் கோனலியின் மார்பையும் மணிக்கட்டையும் தொடையையும் காயப்படுத்தியது இந்த ஒரே குண்டுதான் என்றது கொலையை முதலில் விசாரித்த வாரன் கமிஷன். இவை தவிர, கோனலியின் மணிக்கட்டிலும் கென்னடியின் மூளையிலும் காருக்குள்ளும் கிடைத்த துணுக்குகள்.

முதல் சர்ச்சை எடையில். கிடைத்த குண்டின் எடை 158.6 கிரெயின், அதாவது சுமார் 10.28 கிராம். அதே வகைப் புதிய குண்டு ஒன்று சுமார் 161 கிரெயின் இருக்கும். வித்தியாசம் சுமார் 0.15 கிராம். கோனலியின் உடலில் தங்கிய துணுக்குகள் இதை விட அதிகம் என்று ஒரு தரப்பும், இதற்குள்தான் என்று இன்னொரு தரப்பும் பல ஆண்டுகள் மல்லுக்கட்டின. அந்தக் குறிப்பிட்ட குண்டைச் சுடுவதற்கு முன்னால் யாரும் எடை போடவில்லை. ஒப்பீட்டுக்கு எஃப்.பி.ஐ. நிபுணர் எடை போட்டுக் காட்டியவை மூன்றே மூன்று புதிய குண்டுகள். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைப் பெறும்போது, பெரிய எண்ணில் உள்ள கொஞ்ச ஏற்றத்தாழ்வே சிறிய எண்ணை விழுங்கப் பார்க்கும். இதில் தீர்ப்பு வராமல் போனதில் வியப்பில்லை.

இரண்டாவது சர்ச்சை இன்னும் ஆழமானது. ஈயக் குண்டில் ஆண்டிமனி என்ற தனிமம் சிறிதளவு கலந்திருக்கும். அதன் அளவைப் பார்த்து, எந்தத் துணுக்கு எந்தக் குண்டிலிருந்து வந்தது என்று சொல்ல முடியுமா? 1977இல் வேதியியலாளர் வின்சென்ட் கின் இதற்கு நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வைப் பயன்படுத்தினார். (போடி மேற்கு மலையில் பொட்டிபுரம் அருகே திட்டமிடப்பட்டு இழுபறியில் இருக்கும் ஆய்வகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது நியூட்ரினோ, பெரும்பாலும் எதோடும் மோதாமல் பூமியையே துளைத்துப் போகும். நியூட்ரான் அணுக்கருவுக்குள் புகுந்துகொள்ளும்.) அணு உலையில் நியூட்ரான்கள் பாய்ந்ததும் துணுக்கில் உள்ள ஆண்டிமனி கதிரியக்கம் பெறுகிறது. 2.7 நாள் அரை ஆயுட்காலம் கொண்ட ஆண்டிமனி-122, தனக்கே உரிய ஆற்றலில் காமா கதிர்களை விடுகிறது. அவற்றை எண்ணினால், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஆண்டிமனி என்று தெரிந்துவிடும். பொருளும் பெரிதாகச் சேதமாகாது.

வந்த எண்கள் அழகாக இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. ஸ்ட்ரெச்சர் குண்டும் மணிக்கட்டுத் துணுக்கும் பத்து லட்சத்தில் 800ஐ ஒட்டி. மூளையிலும் காரிலும் கிடைத்தவை 600க்கும் 650க்கும் இடையில். ஆகவே கிடைத்தவை இரண்டே குண்டுகளின் உலோகம், மூன்றாவதற்குத் தடயமில்லை என்றார் கின். ஒற்றைக் குண்டு வாதத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆதரவு அதுதான். 1964லேயே இதே முறையில் சோதித்த எஃப்.பி.ஐ., கண்ட வேறுபாடுகள் குண்டுகளைத் திட்டவட்டமாகப் பிரிக்கப் போதாது என்று கமிஷனுக்கு எழுதியிருந்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் இரண்டு கைப்பிடி காயைக் காட்டுங்கள். இரண்டும் எட்டு எம்.எம். சல்லடையில் நின்றவை, ஒரே பச்சை. 'இரண்டும் ஒரே மூட்டையா?' என்று கேட்டால் அவர் சிரிப்பார். அந்தத் தரத்தில் அன்றைக்கு எத்தனை மூட்டை ஏலத்துக்கு வந்தது என்று தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது. மறுபக்கமும் உண்டு. ஒரே மூட்டையின் மேலிருந்து ஒரு பிடி, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தால், அவை இரண்டு மூட்டைபோலத் தோன்றலாம்.

ஈயத்தில் இந்த இரண்டு சிக்கலும் இருந்தன. முதலாவது: ஒரே உருக்குக் கலனிலிருந்து ஏராளமான குண்டுகள் வார்க்கப்படுகின்றன, வேறு வேறு கலன்களிலும் ஒரே கலவை அமையலாம். ஆகவே அளவு பொருந்துவதால் மட்டும் 'இந்தப் பெட்டித் தோட்டாதான்' என்று சொல்ல முடியாது. அமெரிக்க தேசிய ஆய்வுக் கவுன்சில் 2004இல் இதை விரிவாக எழுதியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், பல பத்தாண்டுகளாக நீதிமன்றங்களில் சாட்சியாக நின்ற ஈயப் பகுப்பாய்வை எஃப்.பி.ஐ. கைவிட்டது. இரண்டாவது: ஈயம் ஆறும்போது படிகங்களாக உறைகிறது, ஆண்டிமனி அந்தப் படிகங்களின் விளிம்புகளுக்குத் தள்ளப்படுகிறது. மிகச் சிறிய துணுக்கு ஒன்றில் விளிம்பு எவ்வளவு சிக்கியது என்பதைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும். உலோகவியலாளர் எரிக் ராண்டிச்சும் வேதியியலாளர் பேட்ரிக் கிராண்டும் 2006இல் இதைக் காட்டி, அதே எண்கள் இரண்டு முதல் ஐந்து வரை எத்தனை குண்டுகளுக்கும் பொருந்தும் என்றார்கள். கின்னின் கருவி துல்லியமாகவே அளந்தது. அவர் சொன்ன பிழை வரம்பு காமா கதிரை எண்ணியதில் வந்த பிழை மட்டும். ஒரே குண்டுக்குள் இருக்கும் இயல்பான ஏற்றத்தாழ்வு அதில் சேரவில்லை.

கவனிக்க வேண்டிய ஒன்று: இந்த மறுப்பு, நான்காவது குண்டு இருந்தது என்று நிரூபிக்கவில்லை. ஈயம் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை என்று மட்டுமே சொல்கிறது. ஒரு சான்று விழுந்தால் எதிர்க்கட்சி வென்றுவிட்டது என்று எடுத்துக்கொள்வதுதான் இத்தகைய சர்ச்சைகளில் அடிக்கடி நடக்கும் தர்க்கப் பிழை.

குழலின் கீறல்கள்

குண்டையும் துப்பாக்கியையும் இணைக்க இன்றும் நீதிமன்றங்கள் பெரிதும் நம்புவது கீறல்களை. குண்டு சுழன்றுகொண்டே போவதற்காகக் குழலின் உட்சுவரில் திருகு வரிகள் வெட்டியிருப்பார்கள். வெட்டிய உளியின் நுண்ணிய தேய்மானமும் பிற்காலப் பயன்பாடும் ஒவ்வொரு குழலிலும் தனித் தழும்புகளை விடுகின்றன. அவை குண்டின் மேல் கீறல்களாகப் பதியும். சந்தேகத் துப்பாக்கியில் சோதனைக்கு ஒரு குண்டு சுட்டு, இரண்டையும் ஒரே கண்வில்லையில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் ஒப்பீட்டு நுண்ணோக்கி அமெரிக்காவில் உருவானது 1925இல். 1911இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் பெல்ஜியம் தயாரிப்பு பிரௌனிங் பிஸ்டலால் ஆஷ் துரையைச் சுட்டபோது அப்படியொரு கருவி உலகில் எங்கும் இல்லை. காந்தி வழக்கில் பிஸ்டலும் குண்டுகளும் பஞ்சாபின் பில்லூரில் இருந்த காவல்துறை அறிவியல் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன.

தமிழ்நாட்டில் துப்பாக்கிச் சான்று என்றதும் பலருக்கு 1967 ஜனவரி 12 நினைவுக்கு வரும். ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு, எம்.ஆர்.ராதாவின் உடலிலும் குண்டு. ராதா சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார் என்றது அரசுத் தரப்பு. எம்.ஜி.ஆர்.தான் தன்னைச் சுட்டார் என்றார் ராதா. நீதிமன்றம் ராதாவைத் தண்டித்தது. இரண்டு பேர் இரண்டு கதை சொல்லும் இடத்தில், குண்டு எந்தக் குழலின் வழியாக வந்தது என்ற கேள்விக்கு வாய்ச்சாட்சியை விட உலோகச் சாட்சி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதை விடத் தெளிவான உள்ளூர் உதாரணம் இல்லை.

ஆனால் கீறல் ஒப்பீடும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. எத்தனை கீறல் பொருந்தினால் 'பொருத்தம்' என்பதற்கு எழுதப்பட்ட எண் எதுவும் பொதுவாக இல்லை. நிபுணரின் கண்தான் முடிவு செய்கிறது. அமெரிக்க ஜனாதிபதியின் அறிவியல் ஆலோசனைக் குழு 2016இல், நிபுணர்கள் எத்தனை முறை தவறுகிறார்கள் என்று முறையாக அளந்த ஆய்வு அதுவரை ஒன்றே ஒன்றுதான் என்று சுட்டிக்காட்டியது. பொருத்தம் என்று சொல்வதோடு, இப்படிச் சொல்லும்போது நூற்றுக்கு எத்தனை முறை தவறுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது அக்குழுவின் வலியுறுத்தல்.

துளைகளை எண்ணுவதில் உள்ள அபாயம்

மறுபடி டெல்லிக்கு வருவோம். புகைப்படத்தில் தெரியும் காயங்களையும் துணியின் துளைகளையும் எண்ணிக் குண்டுகளைக் கணக்கிடுவது சுலபமான வழிபோலத் தெரியும். காந்தியின் உடலில் மூன்று நுழைவுக் காயங்கள், இரண்டு வெளியேற்றக் காயங்கள். ஆக மொத்தம் ஐந்து. எது உள்ளே போனது, எது வெளியே வந்தது என்று பிரிக்காமல் எண்ணினால் விடை தவறும். பிரிப்பதற்கு வழி உண்டு. குண்டு நுழையும் இடத்தில் தோல் உள்நோக்கி மடிந்து, விளிம்பைச் சுற்றி ஒரு சிராய்ப்பு வளையம் இருக்கும். வெளியேறும் இடத்தில் பொதுவாக அந்த வளையம் இருக்காது, ஓரம் ஒழுங்கற்றுக் கிழிந்திருக்கும். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் இதைப் பிரித்தறிவது கடினம்.

துணி இன்னும் ஏமாற்றும். போர்த்திய சால்வை மடிந்திருந்தால், ஒரே குண்டு அதில் இரண்டு மூன்று துளை போட்டுவிடும். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த ஆடையின் ஒரு பகுதி மதுரை காந்தி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்துக்குப் போடியிலிருந்து இப்போது ரயிலிலேயே போய்விடலாம். அதைப் பார்க்கும் எவரும் கறையைத்தான் பார்ப்பார்கள். துப்பறியும் அறிவியலுக்கு அதே துணியில் துளையைச் சுற்றிய புகைக்கரியும் எரியாத வெடிமருந்துத் துகள்களும் எவ்வளவு அகலத்துக்குப் பரவியிருந்தன என்பது வேண்டும். அதிலிருந்துதான் குழல் வாய் எவ்வளவு நெருக்கத்தில் இருந்தது என்று அளப்பார்கள். நினைவுப்பொருளாகப் பாதுகாப்பது வேறு, தடயமாகப் பாதுகாப்பது வேறு.

கொலை நடந்த இடமும் அப்படித்தான் போனது. துக்கத்தில் வந்தவர்கள் அந்த இடத்து மண்ணைப் புனிதப் பொருளாக எடுத்துப் போனார்கள். அன்று எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு சிட்டிகை மண்ணும் புல்லும் 2012இல் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்து விற்றன. அந்த மக்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தரையில் எந்தக் குண்டு எங்கே கிடந்தது, எந்தக் கோணத்தில் மண்ணில் புகுந்தது என்பதை அளந்து குறிக்க வேண்டிய இடம் அது. நுரையீரலில் தங்கிய குண்டை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும் நடக்கவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்து ஒரு மனு உச்ச நீதிமன்றம் வரை போக இடம் கொடுத்தது அன்றைய இந்த இடைவெளிகள்தான்.

இருந்தும் டெல்லியின் விடை நிற்கிறது. காரணம், ஒன்றை ஒன்று சாராத பல வழிகள் ஒரே எண்ணில் வந்து சேர்கின்றன. அன்றே பதிவான புகார் மூன்று என்கிறது. மருத்துவர் கண்ட நுழைவுக் காயங்கள் மூன்று. பெட்டியில் மிஞ்சிய தோட்டாக்கள் மூன்றுக்கு இடம் கொடுக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே சந்தேகிக்கலாம். எல்லாம் ஒரே திசையில் ஒரே அளவுக்குத் தவறியிருக்க வேண்டும் என்றால் அதற்கு வலுவான ஆதாரம் வேண்டும். நாளேட்டுச் செய்தி அந்த ஆதாரம் ஆகாது. டாலஸின் ஒலி வழி நான்காவது குண்டோ ஒரே ஓர் அளவீட்டின் மேல் நின்றது. அதன் கடிகாரம் தவறியதும் விழுந்தது.

முதல் நாள், முதல் அளவு

இந்தியாவுக்குத் தடய அறிவியல் புதிதல்ல. மதராஸில் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849லேயே தொடங்கிவிட்டது. இன்று தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறைக்கு மதுரையில் மண்டல ஆய்வகம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வந்து சான்று சேகரிக்க வேண்டும், அதை வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. முழுமையாகச் செயல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. மலைச்சரிவில் ஏலத்தோட்டத்துக்குள் நடக்கும் ஒரு சம்பவத்துக்கு மதுரையிலிருந்து நிபுணர் வந்து சேர்வதற்குள் மழை வந்துவிடும், ஊர்க்கூட்டம் வந்துவிடும். ஆகவே சட்டத்தை விட முக்கியம், அவர் வரும்வரை இடத்தைக் கயிறு கட்டிக் காக்கும் முதல் காவலரும், கயிற்றுக்கு வெளியே நிற்கச் சம்மதிக்கும் ஊரும்.

அதோடு ஆய்வக அறிக்கைகள் ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்: ஒவ்வோர் அளவோடும் அதன் பிழை வரம்பையும், அந்த அளவு எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அப்படி எழுதாத அறிக்கையைக் குறுக்கு விசாரணையில் கேள்வி கேட்பது எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் தந்திரமாகாது, அது அவர் கடமை. பழைய கொலை ஒன்றில் புதிய குண்டு கண்டுபிடித்துவிட்டோம் என்று நாளை யாராவது சொன்னால், வாசகரும் அதையே கேளுங்கள்: எதை அளந்தார்கள், பிழை எவ்வளவு, அந்தப் பொருள் முதல் நாளிலிருந்து யார் கையில் இருந்தது? காந்தி வழக்கில் நான்காவது குண்டைச் சொன்னவர்களிடம் இந்த மூன்றுக்கும் பதில் இல்லை. அவர் உடலில் பாய்ந்த குண்டுகள் மூன்று.